இவாபுச்சிக்குத் தங்கப் பந்து எப்படிக் கிடைத்தது?

2008-இல் நியூசிலாந்தில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஜப்பான் காலிறுதியிலேயே பெனால்டியில் இங்கிலாந்திடம் தோற்றது. அப்படியிருந்தும் அந்த அணியின் மானா இவாபுச்சிக்கு எப்படித் தங்கப் பந்து கிடைத்தது என்று பலர் கேட்கிறார்கள்.

தங்கப் பந்து என்பது தொடரின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது. கோப்பையை வென்ற அணிக்குத்தான் அது என்று எந்த விதியும் இல்லை. பள்ளியில் வகுப்பே தேறாவிட்டாலும் ஒரு மாணவிக்குச் சிறப்புப் பரிசு கிடைக்கும் அல்லவா, அதுபோலத்தான்.

அப்போது அவருக்கு 15 வயது. ஐந்தடி சொச்சம் உயரம்தான். ஆனால் பந்து காலோடு ஒட்டிக்கொண்டே வரும். தடுக்க வருபவர் காலை நீட்டும் அந்த நொடியில் சட்டென்று திரும்பிவிடுவார். பார்க்க அத்தனை அழகு! அப்புறம் 2011-இல், 18 வயதில், பெரியவர்களுக்கான மகளிர் உலகக் கோப்பையை வென்ற ஜப்பான் அணியிலும் இருந்தார்.

அதிக கோல் அடித்தவருக்குத் தருவது தங்கக் காலணி. பலர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறார்கள்.