தெருநாயைக் கல்லால் அடிக்கும் பையனை ஓவிய வகுப்பில் சேர்த்தால் இரக்கம் வருமா?

நாயைக் கண்டாலே கல்லைத் தூக்கும் பத்து வயது மகனை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். திட்டிப் பார்த்து, அடித்தும் பார்த்து ஓய்ந்துபோன பிறகுதான் இங்கே வந்திருப்பீர்கள். அடித்தா இரக்கத்தைச் சொல்லித்தர முடியும்... சரி, அதை விடுங்கள்.

நான் பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேர ஓவிய ஆசிரியர். 2012-இல் 5000 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தவன். பல வருசம் மே மாதம் சம்பளம் கிடையாது, எங்களுக்கு மே மாதத்தில் வயிறு இருக்காது போல. பரீட்சை நெருங்கினால் ஓவியப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அவர் பீரியடை எனக்குக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாத பேச்சுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முன்பெல்லாம் 'வாயில்லா ஜீவன்' என்று தலைப்புக் கொடுத்து வரையச் சொல்வேன். பெரிய இதயம், நடுவில் ஒரு நாய்க்குட்டி, அழகாக வரைந்து தருவார்கள். மணி அடித்ததும் அதே பிள்ளைகள் வாசலில் நாயைத் துரத்துவார்கள்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு ஒரு செவலை நாய் சைக்கிள் கொட்டகையில் வந்து தங்கிவிட்டது. ஒருநாள் ஏழாம் வகுப்பைத் தள்ளி உட்காரவைத்து, "பத்து நிமிசம் பார்த்துக்கிட்டே இருங்க, அப்புறம் பென்சிலை எடுங்க" என்றேன். கல்லெறிவதில் பேர்போன ஒருவன் நாயின் கழுத்தைச் சுற்றி அழுத்தமாக ஒரு கோடு போட்டிருந்தான். "எலேய், தலையைத் தனியா ஒட்டவச்ச மாதிரி இருக்கு" என்று ரப்பரை எடுத்தேன். நோட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"கோடு இல்ல சார், கயிறு."

கிட்டப் போய்ப் பார்த்தேன். குட்டியாக இருந்தபோது யாரோ கட்டிய நைலான் கயிறு. நாய் வளர வளரச் சதைக்குள் இறங்கி, மேலே முடி மூடிக்கிடந்தது. பின்கழுத்தில் சீழ். ஒரு மாதமாக அந்த நாயைத் தாண்டித்தான் தினமும் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தேன்.

நாய் மீட்கும் தன்னார்வலர்கள் இரண்டு பேர் வந்தார்கள். பிஸ்கட்டுக்கு மசியவில்லை, கோழி ஈரலுக்குத்தான் மசிந்தது. சாக்கைப் போர்த்தி அமுக்கி, வாயைத் துணிநாடாவால் கட்டி, லோடு ஆட்டோவில் ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனோம். மயக்க ஊசி போட்டுக் கயிற்றை வெட்டி எடுத்தார்கள். நாடா கட்டுவதற்குள் என் கையைக் கடித்துவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, முதல் ஊசி போட்ட நாளை 0 என்று வைத்து, 0, 3, 7, 28 என்று நாள் தவறாமல் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்டேன். "வாத்தியாரே, ஒமக்கு வேற சோலி கெடையாதா வே?" என்றார்கள் எதிர் டீக்கடையில்.

எனவே 'நாய்ப்பிரியர்' பட்டத்தோடு வருகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். கடியின் வலி எனக்குத் தெரியும். வெறிநோய் அறிகுறி தெரிந்துவிட்டால் அநேகமாகப் பிழைக்க முடியாது என்பதும் தெரியும். அதனால்தான் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடச் சொல்கிறோம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உத்தரவைப் பதினோரு நாளில் இப்படித்தான் மாற்றியது, வெறிநாயையும் கடிநாயையும் தவிர. நவம்பரில், பள்ளி வளாகத்தில் பிடித்ததைத் திரும்ப அங்கே விடக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. செவலை அதற்கு முன்பே அந்த டீக்கடைக்குக் குடிபோய்விட்டது. பன் போடுவதும் அதே ஆட்கள்தான்.

வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். ஒரு நோட்டு, ஒரு பென்சில், நாய்க்கு எட்டாத தூரம் போதும். நீங்களும் கூட உட்காருங்கள். தின்றுகொண்டிருக்கும் நாயையும் குட்டி போட்ட நாயையும் மட்டும் விட்டுவிடுங்கள்.

அந்தப் பையன் புத்தராகிவிட்டான் என்று நினைக்கவேண்டாம். நாய் மேல் கல் விழுவதில்லை, ஓணானை இன்னும் விடுவதில்லை. வரையச் சொல்லலாம் என்றால் அது எங்கே பத்து நிமிடம் உட்காருகிறது?