பெருந்தொற்றுக் காலத்தில் இ.இ.ஜி. பிரிவை மூடிவிடலாமா?

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் இருப்பது மூளையின் மின்னலைகளைப் பதியும் ஒரே இ.இ.ஜி. கருவி, இரண்டு டெக்னீசியன்கள். கொரோனா போல இன்னொரு பெருந்தொற்று வந்தால் பிரிவை மூடுவதா? நடத்துவதென்றால் எப்படி?

பதில்: மூடாதீர்கள். வெளிநோயாளி வேலை குறையும், ஆனால் ஐ.சி.யூ.வில் உங்கள் தேவை கூடும். நுரையீரல் கடுமையாகப் பாதித்தவர்களுக்கு வென்டிலேட்டரோடு அட்ராகூரியம், வெக்குரோனியம் போன்ற தசைத்தளர்வு மருந்தும் ஓடும். அப்போது மூளைக்குள் வலிப்பு இருந்தாலும் கைகால் அசையாது. மயக்க மருந்தை நிறுத்திய பிறகும் கண் விழிக்காதவருக்கு இதே சந்தேகம் எழும். சி.டி. எடுத்து இதை உறுதிசெய்ய முடியாது, இ.இ.ஜி.தான் வழி.

யாருக்கு எடுப்பது என்பதற்கு ஒரே கேள்வி: இந்தப் பரிசோதனையின் முடிவால் இன்றைய சிகிச்சை மாறுமா? வலிப்பு கட்டுக்குள் இருப்பவரின் வழக்கமான மறுபரிசோதனை காத்திருக்கலாம். கைக்குழந்தை திடீர் திடீரென மடங்கிக் குலுங்குகிறது என்றால் ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. சிகிச்சை தாமதித்தால் வளர்ச்சியே பாதிக்கும். தள்ளிவைத்தவர்களிடம் அவ்வப்போது போனில் விசாரியுங்கள்.

தொற்று ஆபத்து பெரும்பாலும் எலக்ட்ரோடுகளை (மின்னலையை எடுக்கத் தலையில் ஒட்டும் சிறு தகடுகள்) ஒட்டும் நேரத்தில்தான். 21 எலக்ட்ரோடுகளை ஒட்ட அரை மணி நேரமாவது நோயாளியின் மூச்சுக்கு அருகில் நிற்க வேண்டும். எனவே பெயர், விவரங்களைக் கருவியில் பதிவது, ஒயர்களை ஹெட்பாக்ஸில் (எலக்ட்ரோடு ஒயர்கள் சேரும் பெட்டி) செருகுவது, டேப் வெட்டுவது எல்லாவற்றையும் அறைக்கு வெளியிலேயே முடியுங்கள். அவசரத்துக்கு 8 அல்லது 10 எலக்ட்ரோடு போதும். சிறு பகுதியில் மட்டும் வரும் வலிப்பு அதில் தப்பலாம் என்பதை ரிப்போர்ட்டில் எழுத வேண்டும். எலக்ட்ரோடை ஒட்டும் கொலோடியன் பசை வேண்டாம், அதை உலர்த்தப் பீய்ச்சும் அழுத்தக் காற்று கிருமியைப் பரப்பக்கூடும். பேஸ்ட், காஸ் துணி, மேலே தலைக்கட்டு போதும். 3 நிமிடம் வேகமாக மூச்சிழுக்கச் சொல்வதையும் விட்டுவிடலாம். குழந்தைக்கு ஆப்சன்ஸ் வலிப்பு (சில நொடி நினைவு தப்பி வெறித்துப் பார்ப்பது) சந்தேகமென்றால் மட்டும், தொற்றில்லை என்று உறுதிசெய்துவிட்டுச் செய்யுங்கள். கண்முன் விளக்கை மின்னவைக்கும் ஒளி மின்னல் சோதனைக்குத் தடையில்லை.

குப்புறப் படுக்கவைத்த நோயாளிக்கு நெற்றி எலக்ட்ரோடு அழுந்திப் புண்ணாகலாம். திருப்பும்போதெல்லாம் அந்த இடத்தைப் பாருங்கள். வென்டிலேட்டர் குழாயில் தேங்கும் நீர் குலுங்கினாலும் திரையில் சீரான அலை வரும். வலிப்பலை போலவே ஏமாற்றும். நர்ஸிடம் சொல்லி நீரை வடித்துவிட்டு, அலை மறைகிறதா என்று பாருங்கள்.

ஒரே கருவி என்பதால் தொற்றில்லாதவர்களுக்கு முதலில், தொற்றுள்ளவர்களுக்கு நாளின் கடைசியில் எடுங்கள். அவசரத்துக்கு இந்த வரிசை கிடையாது. ஹெட்பாக்ஸுக்கு பிளாஸ்டிக் உறை போடுங்கள். ஒருமுறை பயன்படுத்தும் எலக்ட்ரோடு கிடைத்தால் மிக நல்லது. இல்லையேல் காய்ந்த பேஸ்ட்டை சோப்பு நீரில் முழுதாகக் கழுவிய பிறகே கிருமிநாசினி. பேஸ்ட் ஒட்டியிருந்தால் கிருமிநாசினி அடியில் இறங்காது. பிளீச்சிங் கரைசல் வெள்ளிப் பூச்சை அரிக்கும், தயாரிப்பாளர் சொன்ன திரவத்தையே பயன்படுத்துங்கள். டெக்னீசியன்கள் இருவரையும் ஒரே ஷிஃப்டில் போடாதீர்கள்; ஒருவருக்குத் தொற்று வந்தால் மற்றவரும் தனிமைக்குப் போக நேரும்.

ரிப்போர்ட்டை நரம்பியல் மருத்துவர் வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆனால் ப்ரோபோஃபால், மிடசோலம் போன்ற மயக்க மருந்து என்ன அளவில் ஓடுகிறது, கடைசியாக எப்போது நிறுத்தினார்கள் என்று பதிவிலேயே குறித்து அனுப்புங்கள். நோயாளியை நேரில் பார்க்காத அவர், அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், மருந்தால் மந்தமான அலையை மூளைச் சேதமென்று எடுத்துக்கொள்ளக்கூடும்.