ஒரே பட்டியில் சில செம்மறிகள் மட்டும் புழுவால் மெலிவது ஏன்?

கேள்வி: முப்பது மேச்சேரிச் செம்மறிகளை ஒன்றாகவே மேய்த்து, எல்லாவற்றுக்கும் ஒரே நாளில்தான் குடற்புழு மருந்து ஊற்றுகிறேன். இருந்தும் மழைக்குப் பிறகு குட்டிகள் சிலவும் ஈன்ற ஆடுகள் சிலவும் தாடையின் கீழ் வீங்கி மெலிகின்றன. மற்றவை நன்றாக இருக்கின்றன. காரணம் என்ன?

பதில்: நீங்கள் கூறும் அறிகுறிகள், நான்காம் வயிற்றில் தங்கி இரத்தம் உறிஞ்சும் ஹீமோன்கஸ் என்னும் உருண்டைப்புழுவைச் சுட்டுகின்றன. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.லி. இரத்தத்தை ஆட்டிடமிருந்து இழக்கச் செய்வதால், ஆயிரம் புழுக்கள் இருந்தால் தினமும் 50 மி.லி. போய்விடும், இரத்தப் புரதம் குறைவதால்தான் தாடையின் கீழ் நீர் கோத்துக்கொள்கிறது. கல்லீரல் தட்டைப்புழுவாலும் இவ்வீக்கம் வரும் என்பதால், கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைப் பரிசோதித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நன்றாக இருக்கும் ஆடுகளும் அதே புல்லோடு அதே இளம்புழுக்களைத்தான் விழுங்குகின்றன. முன்பே புழுவைச் சந்தித்த ஆட்டின் வயிற்றுச் சுவரில் அதை நினைவில் வைத்திருக்கும் டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள் இருக்கும். இளம்புழு மீண்டும் நுழைந்ததும் அவை விடுக்கும் வேதிச் செய்திகளால் ஈசினோஃபில் என்னும் வேறு வகை வெள்ளையணுக்கள் அங்கே திரண்டு, தம்முள் இருக்கும் நச்சுப் புரதங்களை இளம்புழுவின் தோல்மீது கொட்டுகின்றன. மாஸ்ட் செல்கள் என்னும் நோயெதிர்ப்புச் செல்கள் வெளியிடும் பொருள்களால் சளி மிகுந்து, புழு சுவரைப் பற்ற இடமில்லாமல் வெளியேறிவிடுகிறது. தப்பிப் பிழைக்கும் புழுக்களும் புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதங்களின் தாக்கத்தால் வளர்ச்சி குன்றிக் குறைவாகவே முட்டையிடும்.

குட்டிகளுக்கு ஏறத்தாழ ஆறு மாத வயது வரை இந்த எதிர்ப்பு சரிவர உருவாவதில்லை. தாய் ஆட்டுக்கோ, சினையின் கடைசி வாரங்களிலும் பால் கொடுக்கும் காலத்திலும் உடலின் புரதம் கருவுக்கும் பாலுக்கும் போய்விடுவதால், ஏற்கெனவே இருந்த எதிர்ப்பும் தளர்ந்துவிடும். அப்போது அது இடும் புழுக்கையில் முட்டைகள் பெருகி, குட்டிகள் மேயும் அதே புல்லில் சேர்கின்றன. இக்காலத்தில் வேலிமசால், அகத்தி போன்ற தழைகளோடு கடலைப் பிண்ணாக்கு கலந்த அடர்தீவனமும் கொடுப்பது, கூடுதலாக ஒரு முறை மருந்து ஊற்றுவதைவிடப் பயன் தரும் என்பது என் கருத்து.

அடிக்கடி மருந்து ஊற்றினால் ஆட்டுக்கு வலு கூடும் என்று பலர் நம்புகிறார்கள். கூடுவது மருந்துக்கு அடங்காத புழுக்கள்தாம். ஆகவே மழைக்காலத்தில் இரு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் ஆட்டின் கீழ் இமையையும் இழுத்து உட்புறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாக இருந்தால் விட்டுவிடலாம். வெளுத்திருந்தாலோ தாடை வீங்கியிருந்தாலோ எடை பார்த்து, மருத்துவர் சொல்லும் அளவில் மருந்து கொடுக்க வேண்டும். நல்ல தீவனம் கொடுத்தும் ஆண்டுதோறும் வெளுக்கும் பெட்டையைக் கழித்துவிடுங்கள். எதிர்ப்பாற்றல் ஓரளவு பரம்பரையாக வருவதால், பொலிகிடாவையும் இமை சிவந்த தாயின் குட்டிகளிலிருந்தே தேர்ந்தெடுங்கள். மருந்து ஊற்றி 10 முதல் 14 நாட்களுக்குள் புழுக்கையை மறுபடியும் பரிசோதித்து, முட்டைகள் பெருமளவு குறையவில்லையென்றால், வேறு வகை மருந்துக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.