கணக்கில் வராத நீர் என்றால் என்ன? தட்டுப்பாட்டின்போது அதை ஏன் முதலில் பார்க்க வேண்டும்?

குழாயில் ஏற்றிய நீரிலிருந்து கட்டணம் போட்ட நீரைக் கழித்தால் மிஞ்சுவதுதான் இது. கசிவு, திருட்டு இணைப்பு, ஓடாத மீட்டர் எல்லாம் இதில் அடக்கம். இதைக் குறைக்காமல் புதிய அணை கட்டுவது, ஓட்டைப் பையில் இன்னும் காசு போடுவது போல.

24 மணி நேரமும் நீர் வரும் பகுதி என்றால், மற்ற வால்வுகளை மூடி, ஒரே நுழைவில் மீட்டர் வைத்து, இரவு 2 முதல் 4 மணி வரை பாருங்கள். எல்லோரும் தூங்கும்போதும் முள் விறுவிறுவெனச் சுற்றினால் பெரும்பகுதி கசிவுதான். அழுத்தம் கூடக் கசிவும் கூடும். அதனால் இரவில் அழுத்தத்தைக் குறைப்பதே மலிவான முதல் வேலை.

பெரிய உடைப்புதான் அதிக நீரைத் தின்கிறது என்று பலர் நினைக்கிறார்கள்; கணக்கு வேறு சொல்கிறது: நிமிடத்துக்கு 500 லிட்டர் பீறிடும் உடைப்பை 6 மணி நேரத்தில் அடைத்தால் இழப்பு 1.8 லட்சம் லிட்டர், மண்ணுக்குள் யாரும் பார்க்காத, நிமிடத்துக்கு 10 லிட்டர் கசிவு 6 மாதம் ஓடினால் ஏறக்குறைய 26 லட்சம்.