ஊதினாலே நுரையீரல் நோய் தெரிந்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இரண்டு மாதமாக இருமல், ராத்திரியில் இளைப்பு. பீடி பழக்கம் உண்டு. எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எதுவும் வேண்டாம், ஒரு மெஷினில் ஊதினால் எல்லாம் தெரியும் என்கிறார்கள். நம்பலாமா?
– வாசகி, திருவொற்றியூர்

பதில்: அப்படி ஒரு டெஸ்ட் இருப்பது நிஜம்தான் அம்மா. எல்லாம் தெரியும் என்பதுதான் பொய்.

ஒவ்வாமையால் மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கும்போது, வெளிவிடும் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கூடும். மெஷின் அளப்பது அதை மட்டும்தான். நன்றாக மூச்சை இழுத்து, திரையில் காட்டும் அளவைத் தாண்டாமல், சுமார் 10 விநாடி மெதுவாக ஒரே சீராக ஊத வேண்டும். வேகமாக ஊதினால் மெஷின் ஏற்காது. பெரியவர்களுக்கு 50 பிபிபிக்கு மேல், அதாவது 100 கோடியில் 50 பங்குக்கு மேல் வந்தால், ஸ்டீராய்டு இன்ஹேலர் நல்ல பலன் தர வாய்ப்பு அதிகம். 25க்குக் கீழே என்றால் வாய்ப்பு குறைவு. ஆஸ்துமாவுக்கு மருந்து முடிவு செய்ய எங்களுக்கு இது நல்ல துணை.

உங்கள் வீட்டில் சிக்கல் பீடிதான். புகை பிடிப்பவர்களுக்கு இந்த எண் இறங்கிவிடும். உள்ளே ஆஸ்துமா இருந்தாலும் 18 என்று காட்டலாம். ‘நார்மல்’ என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். கீரையும் பீட்ரூட்டும் சாப்பிட்டுப் போனால் எண் ஏறும். அதைவிட முக்கியம், காசநோயை இது காட்டாது. பீடியால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பையும் புற்றுநோயையும் இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மூச்சுக்காற்றில் புற்றுநோயின் தடயம் தேடும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன; அதற்காக இன்று எக்ஸ்ரேயைத் தள்ளிப்போடக் கூடாது.

எண்ணூர், மணலி பக்கம் ‘கம்பெனி புகை, இருமல் வரத்தான் செய்யும்’ என்று மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது மிகவும் வேதனை தருகிறது. இரண்டு வாரம் தாண்டிய இருமல் எதுவானாலும் சளியைப் பார்த்தே ஆக வேண்டும். ஸ்டான்லி மருத்துவமனையிலோ பக்கத்து மாநகராட்சி சுகாதார மையத்திலோ காசநோய்ப் பரிசோதனை இலவசம். அப்புறம் எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி (வேகமாக ஊதவைத்து நுரையீரலின் திறனை அளக்கும் வேறொரு டெஸ்ட்). அதற்குப் பிறகும் ஆஸ்துமா சந்தேகம் இருந்தால், நைட்ரிக் ஆக்சைடு டெஸ்ட் தேவையா என்று மருத்துவர் சொல்லட்டும். சளியில் ரத்தம் வந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

சளி கொடுக்கும்போது எச்சில் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, ஆழமாக இருமி எடுத்த சளியாக இருக்க வேண்டும்.