வாசகர் கேள்வி-பதில்: பழைய கணினி வாங்குவோருக்கும் விற்போருக்கும்

கேள்வி: பள்ளி நாட்களில் நண்பன் வீட்டில் பார்த்து ஏங்கிய அமிகா 4000 கணினி ஒன்று இப்போது இணைய ஏலத்தில் வந்திருக்கிறது. 'சோதித்துப் பார்க்கவில்லை, இருக்கிறபடியே விற்கப்படும்' என்று எழுதியிருக்கிறார்கள். வெளியே ஒரு கீறல்கூட இல்லை. வாங்கலாமா? (வாசகர், டோர்ட்முண்ட்)

பதில்: கீறல் இல்லாத மேல்மூடிக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்க மாட்டேன். 1992இல் வெளியான இந்தக் கணினியின் மதர்போர்டில், கடிகாரம் நிற்காமல் ஓடுவதற்காக ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரியைப் பற்றவைத்திருந்தார்கள். தயாரித்த கமடோர் நிறுவனமே 1994 ஏப்ரலில் திவாலாகிவிட்டது. பேட்டரியோ அதற்குப் பிறகும் உள்ளேயே இருந்து, கசிந்து, அந்தக் காரத் திரவத்தால் செம்புத் தடங்களை அரித்துக்கொண்டிருக்கும். சில வருடங்களுக்கு முன் நான் வாங்கிய ஒன்றைத் திறந்தபோது, பேட்டரியின் அடியில் பச்சையும் நீலமுமாகப் பாசி போலப் பூத்திருந்தது. விரல் நகத்தால் சுரண்டியபோது தடமே உரிந்து வந்துவிட்டது. அதை விற்றவரும் 'சோதிக்கவில்லை' என்றுதான் எழுதியிருந்தார்.

ஆனாலும் அப்படி எழுதும் எல்லாரையும் சந்தேகிப்பது நியாயமாகாது. அமிகாவின் 23 முனை வீடியோ இணைப்பு இன்றைய திரை எதிலும் நேரடியாகப் பொருந்தாது என்பதால், இறந்துபோன உறவினரின் வீட்டைக் காலிசெய்யும் ஒருவருக்குச் சோதிக்க உண்மையிலேயே வழி இருக்காது. ஆகவே, மூடியைக் கழற்றி, பேட்டரி இருக்கும் இடத்தையும் ஒலிப்பகுதியில் உள்ள சிறிய கெபாசிட்டர்களையும் (மின்னைத் தேக்கிவைக்கும் உறுப்புகள்) நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து அனுப்பும்படி கேளுங்கள். கெபாசிட்டரின் கால்களில் ஈயம் பளபளப்பிழந்து மங்கியிருந்தால் அதுவும் கசிந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்படிப்பட்டதைச் சூடாக்கிக் கழற்றும்போது மீன் வாடை வீசும். படம் அனுப்ப மறுப்பவரிடம், பழுதான கணினிக்கு உரிய விலைக்கு மேல் ஒரு யூரோவும் ஏற்றிக் கேட்காதீர்கள்.

கேள்வி: பரணில் அப்பாவின் கமடோர் 64 அட்டைப்பெட்டியோடு கிடைத்தது. மஞ்சள் படிந்திருக்கிறது. வெளுத்து, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு விற்றால் நல்ல விலை கிடைக்குமா? (வாசகி, லண்டன்)

பதில்: இரண்டையுமே செய்யாதீர்கள், முக்கியமாக இரண்டாவதை. அந்தக் கணினியோடு வந்த பழைய அடாப்டர், உள்ளே இருக்கும் மின்னழுத்தக் கட்டுப்பாட்டுச் சில்லு பழுதாகும்போது 5 வோல்ட்டுக்குப் பதிலாக அதைவிட அதிகமாக அனுப்பி, நினைவகச் சில்லுகளை எரித்துவிடும். மீட்டரில் முதலில் சரியாகக் காட்டிவிட்டுச் சூடேறிய பின் எகிறுகிற அடாப்டர்களும் உண்டு. முப்பது வருடம் பரணில் பத்திரமாகக் கிடந்த கணினி, விற்கிற அன்று நம் கையாலேயே சாக வேண்டுமா? புதிதாகத் தயாரிக்கப்பட்ட அடாப்டர் ஒன்றை இரவல் வாங்க முடிந்தால் மட்டும் ஓட்டிப் பாருங்கள். இல்லையென்றால் சோதிக்காததற்கான காரணத்தையும் விளம்பரத்தில் எழுதிவிடுங்கள். விவரம் தெரிந்தவர்கள் அதைப் பாராட்டுவார்கள்.

மஞ்சளை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து நீக்கலாம்தான். பழக்கமில்லாதவர் செய்தால் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும். சீரான மஞ்சளைப் பொறுத்துக்கொள்பவரும் திட்டை மன்னிக்க மாட்டார். அதன் ஒலிச் சில்லான சிட் 6581ஐ மட்டும் கழற்றித் தரும்படி இசைக்காரர்கள் யாராவது கேட்கலாம். சில்லைத் தனியாகவும் உடலைத் தனியாகவும் விற்றால் ஒருவேளை கூடுதலாகக் கிடைக்கும். பெட்டியோடு இருக்கும் ஒன்றை அப்படிப் பிரிக்க எனக்கு மனம் வராது.

கேள்வி: அமிகா வேகக்கூட்டி அட்டைக்கான 68060 என்ற செயலிச் சில்லு மிக மலிவாகக் கிடைக்கிறது. நம்பலாமா? (வாசகர், டொராண்டோ)

பதில்: மேற்பரப்பைத் தேய்த்து, வேறு எண்ணை அச்சிட்டு விற்பது இந்தச் சில்லில் சகஜம். தசமக் கணக்கீட்டுப் பகுதி இல்லாத எல்சி வகையையும், அதோடு நினைவக மேலாண்மைப் பகுதியும் இல்லாத ஈசி வகையையும் முழுச் சில்லு என்று தள்ளிவிடுவார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அட்டையில் பொருத்திச் சோதனை மென்பொருளை ஓட்டிய திரையைப் படமாகக் கேளுங்கள், திருப்பியனுப்ப உரிமை இருக்கும் இடத்தில் மட்டும் பணம் கட்டுங்கள். உங்களிடம் இருப்பது அமிகா 500 என்றால், ராஸ்பெரி பை கணினியை அதன் செயலியான 68000 சில்லின் இடத்தில் அமர வைக்கும் பைஸ்டார்ம் அட்டையையும் பரிசீலியுங்கள். இந்தப் போலிச் சில்லுத் தலைவலியே இருக்காது.