முப்பதில் ஒரு பங்கு

அன்புள்ள ஐயா,

ஒரே காட்சியைச் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு முறை எடுத்து, கண்ணுக்கு ஒன்றாகப் பார்த்து ஆழம் காண்பதுதானே ஸ்டீரியோ படம்; அதை எடுக்கும்போது, இரண்டாவது படத்துக்குக் கேமராவை எவ்வளவு தள்ளி வைப்பது என்று கணக்கிடும் சிறிய செயலி ஒன்றை எழுதினேன். அருகிலுள்ள பொருளின் தூரத்தை முப்பதால் வகுக்கும் பழைய விதிதான் அடிப்படை. குழுவில் ஆறு பேரிடம் கருத்துக் கேட்டேன். ஆறு பேரும் குறைதான் சொன்னார்கள். ஒருவர், "பின்னணியின் தூரத்தைக் கேட்காத செயலி எதற்கு?" என்றே எழுதிவிட்டார். விடை அங்குலத்திலா மில்லிமீட்டரிலா என்பதில் வேறு சண்டை. இதை வெளியிடலாமா, விட்டுவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அங்குலமோ மில்லிமீட்டரோ, உங்கள் விருப்பம். ஆனால் பின்னணியைப் பற்றிக் கேட்டாரே, அவரை விட்டுவிடாதீர்கள். சில வாரங்களாக என் பழைய கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்; அதிலும் பக்கத்துக்குப் பக்கம் அவர் கேள்விதான் இருக்கிறது.

முப்பது என்ற எண் எங்கே பொருந்துகிறது என்று பார்த்தீர்களா? 1947இல் மில்வாக்கியின் டேவிட் வைட் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஸ்டீரியோ ரியலிஸ்ட் கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். 35 மி.மீ. லென்ஸ்கள் இரண்டு, இடைவெளி சுமார் 70 மி.மீ. ஏழடி தூரத்தில் ஒருவர், பின்னால் தொடுவானம். இரண்டு படங்களையும் ஒப்பிட்டால், தொடுவானத்தைவிட அவர் பிலிமில் கூடுதலாக இடம்மாறியிருப்பது ஏறக்குறைய 1.2 மி.மீ. கண் வலிக்காமல் பார்க்கலாம். லென்ஸ் 70 மி.மீ. என்றால் முப்பது அறுபதாகிவிடும். தொடுவானத்துக்குப் பதில் சுவர் நின்றால் விதியே கவிழ்ந்துவிடும்.

எனக்குக் கவிழ்ந்தது ஒரு செம்பருத்தியில். பூ அரை மீட்டரில், சுவர் 60 செ.மீ.யில். முப்பதால் வகுத்து 17 மி.மீ. நகர்த்தினேன். சுவரில் ஒட்டிய காகிதப் பூ போல வந்தது. பிறகு சுவரின் தூரத்தையும் சேர்த்து, அதே 1.2 மி.மீ. வரும்படி கணக்கிட்டேன், விடை 103 மி.மீ. கணக்கு முற்றிலும் சரி. பெருமையோடு, என்னைவிட இருபது வயது மூத்த நண்பரிடம் கொண்டுபோனேன். பார்வைப்பெட்டியைக் கண்ணில் வைத்தவர் உடனே சொன்னார்: "பூவா இது? புனல். மகரந்தத் தண்டு கண்ணைக் குத்த வருகிறது."

நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் 20, 30, 40, 60, 80 என்று நகர்த்தி எடுத்துக்கொண்டு போனேன். அவர் பேசவேயில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்து, இடப்பக்கமும் வலப்பக்கமுமாக மேஜைமேல் வைத்தார். கடைசியில் நடுவில் நின்றது 40. கண் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் என் கணக்கு சொன்னது. பூ எப்போது பூவாக இருக்கும் என்பதை அவர் கண் சொன்னது. அன்றுதான் என் அட்டவணையில், "அருகில் எடுத்தால் இதற்கு மேல் நகர்த்தாதே" என்ற வரி ஏறியது.

உங்கள்மீது எனக்குக் கோபமும் உண்டு. கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ஆறு பேருக்கும் செயலியை அனுப்பியிருக்கிறீர்கள். அதை வைத்து எடுத்த ஒரு ஜோடிப் படத்தைக்கூட அனுப்பியதாகத் தெரியவில்லை. சோறு பொங்காமல் உலைநீரின் அளவைச் சொல்லி ருசி கேட்பதா? பிரிட்டனில் 1893இல் தொடங்கிய ஸ்டீரியோஸ்கோபிக் சொசைட்டியின் உறுப்பினர்கள் படங்களைத் தபாலில் சுற்றுக்கு விட்டார்கள். ஒவ்வொருவரும் பார்த்துக் குறிப்பெழுதி அடுத்தவருக்கு அனுப்பினார்கள். எழுதியவர் கண் முன்னால் படம் இருந்தது. அதனால்தான் அங்கே திட்டு வாங்கியவருக்கும் அடுத்த படத்தில் எதை மாற்றுவது என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுமுன் ஏதாவது ஒரு பூவைப் பிடியுங்கள். பின்னால் சுவர் இருக்கட்டும். ஆறு இடைவெளிகளில் எடுங்கள். பூவின் தூரம், சுவரின் தூரம், லென்ஸ், நகர்த்திய அளவு எல்லாவற்றையும் படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். முன்பக்கம் எதுவும் வேண்டாம். முதலில் அந்தப் பின்னணிக்காரருக்கு அனுப்புங்கள். எனக்கு அதற்குப் பிறகு வந்தால் போதும்.